பூசை நேரத்து இணைப்பு

2024 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. மலேசியாவின் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை; ஞாயிறு வேலை நாள். கோலா கெத்தில் ஊரை ஒட்டிய ரப்பர்த் தோட்டத்துக்குள் செலஸ்டின் நடத்தும் முகாம் தளத்தில் அன்று ஒரு தேவாலயத்தின் குடும்ப முகாம் நடந்துகொண்டிருந்தது.

கடைசிக் குடிலில் மட்டும் ஜித்ராவைச் சேர்ந்த சாஃபியா சில நாள் ஓய்வுக்கென்று வந்து தங்கியிருந்தாள். அலோர் ஸ்டாரில் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். அதற்கான நேர்காணல் அன்று காலை, மடிக்கணினி வழியாக. திடீரென்று தேதியை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நல்ல இணைப்பு வேண்டுமென்று முதல் நாளே வீட்டுக்குக் கிளம்பியவளைத் தடுத்தது செலஸ்டின்தான்.

"ஏம்மா அலையிற? ஞாயித்துக்கிழம காலையில எங்காளுங்க எல்லாம் பூசையில இருப்பாங்க. ஒருத்தரும் போனத் தொட மாட்டாங்க. லைன் முழுக்க உனக்குத்தான் லா."

"நம்பலாமாக்கா? வேலை போயி ரெண்டு வருஷமாச்சு. இதயும் விட்டா வேற இல்ல."

"நான் சொல்றேன்ல."

தோட்டத்துக்குள் கேபிள் வரவில்லை. தண்ணீர்த் தொட்டி மேல் கட்டிய ஆன்டெனா இழுத்துத் தரும் ஒரே இணைப்புதான் முகாம் முழுவதற்கும். மரங்களுக்கு நடுவே கைப்பேசிகளுக்குத் தனியாக சிக்னலும் கிடையாது.

பூசை தொடங்கியதும் செலஸ்டின் சமையற்கட்டிலிருந்து கூடத்தை எட்டிப் பார்த்தாள். பாட்டு வரிகள் ஓடும் வெள்ளைத் திரையின் உச்சியில் வைஃபை பாஸ்வர்ட் பளிச்சென்று நின்றது. வரிசை வரிசையாகக் கைகளில் போன்கள். பீடத்துக்குப் பக்கத்தில் முக்காலியில் ஏற்றிய ஒரு போன், பூசையை நேரலையாக அனுப்பிக்கொண்டிருந்தது.

பின்னால் வெறுங்காலோடு ஓடி வந்தாள் சாஃபியா. "அக்கா, அவங்க முகம் அப்படியே நின்னுபோச்சு. என்ன கேட்டாங்கன்னே தெரியல."

ரௌட்டரை அணைத்துப் போட்டால் சாஃபியாவும் சேர்ந்து அறுந்துபோவாள். ஆட்கள்தான் விலக வேண்டும். செலஸ்டின் அவளைக் குடிலுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, சுவரோரமாகப் பதுங்கிப் போய், திரையை இயக்கிக்கொண்டிருந்த பாடகர் குழு அமலனின் தோளைப் பிடித்தாள்.

"டேய், யாருடா பாஸ்வர்ட அங்க போடச் சொன்னது?"

"உங்க வீட்டுக்காரர்தான் ஆன்ட்டி. பாட்டுப் புத்தகம் பத்தல, எல்லாரும் போன்ல பாக்கட்டும்னு மோரிஸ் அங்கிளே குடுத்தாரு."

"அவர அப்புறம் வெச்சுக்கிறேன். எடு அத. லைவையும் நிறுத்து."

"லைவையா? எங்க பெரியம்மா ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுப் பாக்குறாங்க ஆன்ட்டி."

"அங்க ஒரு பொண்ணோட வேலை போவுதுடா!"

"ஃபாதர் பிரசங்கத்துல இருக்காரே. எப்படிச் சொல்றது?"

"உன்ன யாரு பேசச் சொன்னா? எழுதிப் போடு."

'வைஃபையை உடனே அணைக்கவும்' என்று திரையில் வந்தது. அதுவரை போனை எடுக்காதவர்களும் என்னவோ ஏதோ என்று எடுத்தார்கள். ஃபாதர் திரும்பித் திரையைப் பார்த்தார். பிரசங்கம் நின்றது.

வேறு வழியில்லை. பூசை நடுவில் வாய் திறந்தே அறியாத செலஸ்டின் முன்னால் போய் நின்றாள்.

"மன்னிச்சிருங்க ஃபாதர். கடைசிக் குடில்ல ஒரு பொண்ணுக்கு இன்டர்வியூ. லைன் விடுவேன்னு வாக்குக் குடுத்துட்டேன். எல்லாரும் கொஞ்சம்..."

ஃபாதர் அங்கிக்குள் கை விட்டுத் தன் போனை எடுத்து அணைத்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அணைத்தார்கள். கடைசியாக அமலன் முக்காலிப் போனையும் நிறுத்தினான்.

செலஸ்டின் குடிலுக்கு ஓடினாள். உள்ளே சாஃபியா ஆங்கிலத்தில் தடங்கலின்றிப் பேசிக்கொண்டிருந்தாள். செலஸ்டின் கதவைத் தட்டாமல் வெளியே நின்றாள். சீக்கிரமே பேச்சு நின்றது.

சாஃபியா கதவைத் திறந்தாள். "ஒரு கேள்விக்குத்தான் ஒழுங்கா பதில் சொன்னேன். முன்ன கேட்டத திரும்பக் கேக்க நேரமில்லன்னுட்டாங்க."

"நான் வேணா அவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லட்டாம்மா? தப்பு எங்களதுன்னு?"

"வேணாங்க்கா. நானே அவங்களுக்கு மெயில் எழுதிட்டேன்."

வியாழக்கிழமை கல்லூரியிலிருந்து பதில் வந்தது. அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.