காய்ச்சல் விட்ட நாள்

பூபதி பாறை மேல் ஏறி உட்கார்ந்தபோது பதினொன்றாக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. மலைமேல் எடப்புளி நாட்டில் இருக்கும் அவனுடைய ஊரிலிருந்து அரை மணி நேரம் மேலே ஏறினால்தான் முகம் தெரிகிற அளவுக்குச் சிக்னல் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவன் மேலே போவதைப் பார்த்தவர்கள், ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள். அவனும் மறுக்கவில்லை. கட்டிய பொண்டாட்டியைச் செல்போனில் பார்க்கப் போகிறேன் என்று யாரிடம் சொல்ல முடியும்?

அருணா ராசிபுரத்தில் அவள் தங்கை கோகிலா வீட்டில் இருந்தாள். தை மாதம் அவர்களுடைய ஒரே மகள் தேன்மொழி இறந்துபோனாள். இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தவள். டெங்கு என்று கீழே பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். காரியம் முடிந்த மறுவாரமே, இந்த ஊட்டுக்குள்ள என்னால மூச்சு உட முடியலீங்க என்று சொல்லிவிட்டு அருணா பஸ் ஏறினாள். பூபதி தடுக்கவில்லை. அக்காள் சோறு தின்னாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பொறுக்க முடியாமல் கோகிலாதான் அங்கே இங்கே விசாரித்து, கோயமுத்தூரில் ரஞ்சிதா என்கிற மனநல ஆலோசகரைப் பிடித்தாள். வாரம் ஒரு முறை, முக்கால் மணி நேரம், எல்லாம் ஆன்லைனில்தான். இருவரும் சேர்ந்து பேசினால் நல்லது என்று ரஞ்சிதா கேட்டதால் பூபதியும் சேர்ந்தான்.

திரையில் மூன்று கட்டங்கள் இருக்கும். பூபதி தன் முகத்தையோ ரஞ்சிதாவையோ பார்ப்பதில்லை. கீழ்க் கட்டத்தில், பீரோவை ஒட்டி உட்கார்ந்திருக்கும் அருணாவை மட்டுமே பார்ப்பான். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, பத்து வயது கூடினவள்போல் இருந்தாள். ரஞ்சிதா தூக்கத்தைப் பற்றிக் கேட்பார், சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார், அந்த வாரம் குழந்தையின் நினைப்பு எப்போது அதிகமாக வந்தது என்று கேட்பார். அருணா இரண்டு வார்த்தை சொல்வாள். பூபதியிடம் கேட்டால், “எனக்கொண்ணும் இல்லீங்க மேடம், அவளப் பாருங்க” என்பான். ஐந்து வாரம் இப்படியே ஓடியது.

ஆறாவது வாரம் கோகிலா குறுக்கே வந்து உட்கார்ந்தாள்.

“மேடம், நான் ஒண்ணு சொல்லணுங்க. இவ வந்ததுல இருந்து தலைக்குத் தண்ணி ஊத்தறதே இல்லீங்க. நாலு மாசமாச்சு. சொன்னா எந்திரிச்சுப் போயிடறா.”

அருணா முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். ரஞ்சிதா அவசரப்படவில்லை. முந்தானைக்குள்ளிருந்தே அருணா பேசினாள்.

“நாலாம் நாள் காய்ச்ச விட்டுப்போச்சுங்க. ஒடம்பெல்லாம் கசகசங்குதும்மான்னா. வெந்நி வெச்சுத் தலைக்கு ஊத்துனேன். மறுநாள் விடியறப்ப கண்ணு சொருகிப்போச்சு. நாந்தானுங்க கொன்னேன். எம் புள்ளைய நாந்தான் தண்ணி ஊத்திக் கொன்னுபோட்டேன்.”

“அருணா, டெங்குல காய்ச்சல் விடற நேரம்தான் ஆபத்து. குளிக்க வெச்சதால எதுவும் ஆகறதில்ல. டாக்டர் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாங்க.”

“நீங்க படிச்சவங்க, எனக்காகச் சொல்றீங்க. பொணத்தப் போட்டு வெச்சிருக்கறப்ப இவங்கக்கா எல்லாருக்கு முன்னாடியும் கேட்டாங்களே, காய்ச்ச விட்ட அன்னைக்கே தண்ணி ஊத்துவாளா ஒருத்தின்னு.”

பூபதிக்கு அது நினைவிருந்தது. அவன் அங்கேதான், கையெட்டும் தூரத்தில் நின்றிருந்தான். தன் அக்காளை அடக்க அவனுடைய ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டியிருக்கும் என்றுதான் வாயை மூடிக்கொண்டான். இந்த நான்கு மாதத்தில் அவன் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான். அருணா தன்னையே நொந்துகொண்டு இருக்கிறவரை என்றைக்காவது திரும்பி வருவாள். உண்மை தெரிந்தால் வரமாட்டாள். கீழ்க் கட்டத்தில் முந்தானைக்குள் குறுகி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான். இப்படி ஒருத்தியை வரவைத்து என்ன செய்யப்போகிறோம் என்று தோன்றியது.

“மேடம், நான் பேசறனுங்க” என்றான். “அன்னைக்கு மத்தியானம் தேனு தோட்டத்துக்கு வந்தா. வயிறு வலிக்குதுப்பான்னா. செடிக்குப் பக்கத்துல வாந்தி எடுத்தா. கறுப்பா, காபித்தூளு மாதிரி இருந்துச்சு. அம்மாகிட்டச் சொல்லாதப்பா, மறுக்கா ஊசி போடுவாங்கன்னு கையப் புடிச்சுக்கிட்டா. மொளகு பறிக்க ஆளு வந்திருந்துச்சு. சாயந்தரம் லாரி வருது, காலைல பாத்துக்கலாம்னு நெனச்சுப்போட்டேன். மண்ணத் தள்ளி மூடிட்டு அவள ஊட்டுக்குப் போகச் சொன்னேன்.”

அருணா தலையிலிருந்த முந்தானையை எடுத்துவிட்டுத் திரைக்கு நெருங்கி வந்தாள்.

“எத்தன மணிக்கு?”

“ரெண்டு, ரெண்டரை இருக்கும்.”

“நான் அப்ப எங்கிருந்தேன்?”

“வாசல்ல ராகி ஒணத்திட்டிருந்த.”

“கூப்புட்டாக் கேக்கற தூரந்தானுங்க?”

“ஆமா, கண்ணு.”

“தலைக்கு ஊத்துனது அதுக்கப்பறம். நீங்க பாத்துட்டுத்தான் இருந்தீங்க.”

“பாத்துட்டுத்தான் இருந்தேன்.”

“அக்கா கேட்டப்பவும்.”

அவன் தலையை ஆட்டினான். அருணா அழவில்லை. அவளுடைய கட்டம் மெல்லச் சரிந்து இருண்டுபோனது. போனைக் குப்புற வைத்துவிட்டாள். அந்த இருட்டுக்குள்ளிருந்து கோகிலா அக்கா, அக்கா என்று கூப்பிடுவது கேட்டது. பிறகு அந்தக் கட்டமே மறைந்துபோனது.

“பூபதி, இருக்கீங்களா?” என்றார் ரஞ்சிதா.

“இருக்கனுங்க.”

“இப்ப எங்க உட்கார்ந்திருக்கீங்க? பாறை விளிம்புலயா? கொஞ்சம் உள்ள தள்ளி உட்காருங்க.”

சொன்னபடி தள்ளி உட்கார்ந்தான். வீட்டில் துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டார். பக்கத்துத் தோட்டத்து அர்த்தனாரி அண்ணனைக் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னான். அருணாவிடமும் இன்றே பேசிவிடுவதாக ரஞ்சிதா சொன்னார்.

“இனி அவ வருவாளுங்களா மேடம்?”

“அது எனக்குத் தெரியாது, பூபதி. தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “அடுத்த ஞாயிறு நீங்க மட்டும் வாங்க. இந்த அஞ்சு வாரமும் ஒண்ணுமில்லன்னு சொன்னீங்கல்ல, அதைப் பேசலாம்.”

புதன்கிழமை கோகிலா கூப்பிட்டாள். அக்காள் ஞாயிற்றுக்கிழமை சாயந்தரமே தலைக்குக் குளித்தாள் என்றும், இரண்டு நாளாக நன்றாகத் தூங்குகிறாள் என்றும் சொன்னாள். பூபதி கேட்டுக்கொண்டான். நல்லது என்றான். பிறகு அவள் சொன்னாள்.

“மாமா, அவ துணிமணியெல்லாம் கட்டி பஸ்ஸுல போட்டு உடச் சொன்னா. நான் ஸ்டாண்டுல வாங்கிக்கறேன்.”

“எல்லாத்தயுமா?”

“எல்லாத்தயுந்தானுங்க மாமா.”

அவளுடைய சேலை ஒன்றைத் தரையில் விரித்து ஒவ்வொன்றாக மடித்து வைத்தான். அலமாரியின் கீழ்த்தட்டில் தேன்மொழியின் பாவாடையும் பள்ளிச் சட்டைகளும் இருந்தன. அவற்றைப் பற்றி அருணா எதுவும் சொல்லியிருக்கவில்லை. எடுப்பதும் வைப்பதுமாக அவன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். கடைசியில் எல்லாவற்றையும் எடுத்து, கசங்காமல் நடுவில் வைத்துச் சுற்றிக் கட்டினான்.

காலை பஸ்ஸில் கூட்டம் இல்லை. கண்டக்டர் மூட்டையை வாங்கி, வைக்க இடம் தேடி, ஜன்னலோர இருக்கையில் நிமிர்த்தி உட்கார வைத்தார். பஸ் நகர்ந்தது. ரோட்டோரம் நின்று பூபதி பார்த்துக்கொண்டிருந்தான். முதல் வளைவில் அது திரும்பியபோது, தூக்கக் கலக்கத்தில் தலை சாய்கிற மாதிரி, மூட்டை மெல்லச் சரிந்து கண்ணாடியில் சாய்ந்தது.