விட்டுக்கொடுத்த பாடு

இரண்டு தடவை ஃபெயிலானவளை மூன்றாம் தடவையும் பரீட்சைக்கு அனுப்புவது, சூடுபட்ட பூனையை அடுப்படிக்குத் துரத்துகிற மாதிரிதான். அதுவும் எழுதுகிற பரீட்சையாக இருந்தாலாவது பரவாயில்லை. இது வாயால் சொல்லுகிற பரீட்சை. வித்யா ஆறு வருஷமாகத் தபாலில் பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். எழுத்துப் பேப்பர் எல்லாம் பாஸ். மிச்சம் நிற்பது அமெரிக்கக் கவிதைக்கான வாய்மொழித் தேர்வு ஒன்றுதான். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய பன்னிரண்டு பாட்டுகள் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. அதில் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு, அது உங்களை என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம், போய் நின்றால் தெரியும். போன வருஷம் பொன்னேரி சென்டரில் இருந்த சாரிடம் வித்யா நோட்ஸில் உள்ளதை ஓர் எழுத்து பிசகாமல் ஒப்பித்தாள். இயற்கையோடு ஒன்றிய துறவு மனம், உலக ஆசைகளைக் கடந்த அமைதி, இத்யாதி. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது நோட்ஸ் போட்டவர் சொல்றது. நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். அவள் மறுபடியும் நோட்ஸையே முதலிலிருந்து ஒப்பித்தாள். அதற்கு முந்தின வருஷமும் இதே கதைதான்.

இந்தத் தடவையும் ஃபெயிலானால் படிப்புக்குக் கொடுத்த கெடுவும் முடிந்தது, பட்டமும் போயிற்று. பழவேற்காட்டில் மெஹருன்னிசா மேடம் நடத்துகிற சின்னப் பள்ளிக்கூடத்தில் வித்யா ஆயாவாக இருக்கிறாள். மூக்கைத் துடைப்பது, டிபன் பாக்ஸைத் திறந்து கொடுப்பது, வாந்தி எடுத்த இடத்தைக் கழுவுவது, எல்லாம் அவள்தான். மேடம் நல்ல மனுஷி. "ஜூன்ல பட்டத்தோட வா, ரெண்டாம் கிளாஸ் இங்கிலீஷ் உனக்குத்தான்மா. வரலன்னா நான் வேற ஆளைத்தான் போடணும். அல்லா மேல ஆணை, எனக்கும் வேற வழி இல்ல" என்று சொல்லியிருந்தார். அந்த இரண்டாம் வகுப்பு வாசலைப் பெருக்கும்போதெல்லாம் வித்யா கரும்பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நகருவாள்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மத்தியானம், அவள் புருஷன் வேணு வீட்டு வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். இவள் பக்கத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா மே, மந்திரமா ஓதுற? எனக்கும் சொல்லேன்."

"உனக்கு இன்னா புரியும்?"

"உனக்குப் புரிஞ்சுதான் ரெண்டு தபா ஊத்திக்கினியா?"

முதுகில் ஓர் அடி வைத்துவிட்டு, பாட்டைத் தமிழில் சொன்னாள். எழுதியவன் பெயர் ஒருத்தருக்கும் தெரியாத பெயர். பாட்டும் சின்னது. காலையில் மணி அடிக்கிறது. கழிமுகத்தில் மீன் துள்ளுகிறது. கரையில் ஒரு மீன்காரன். அவன் வலை கொம்பில் தொங்கிக் காய்கிறது. அவன் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தண்ணீரையே பார்க்கிறான். பொழுது சாய்ந்ததும் தொப்பியைக் கழற்றி நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறான்.

"இதுக்கு நோட்ஸ்ல இன்னா போட்டுக்கீறான்?"

"துறவு மனப்பான்மையாம்."

வேணு சிரித்த சிரிப்பில் ஊசி கீழே விழுந்தது. "துறவாவது மண்ணாவது! அன்னிக்கு அவன் பாடு இல்ல மே. மணி அடிச்சு சீட்டுப் போட்டிருப்பாங்க, வேற எவனுக்கோ உழுந்திருக்கும். இவன் குந்தினு பாக்கறான். மீன் புடிக்கறவனைக் கேட்டா சொல்லிட்டுப் போறான், இதுக்குப் போயி நோட்ஸா?"

பழவேற்காடு ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட்டுவிட முடியாது. இறால் ஓடுகிற தடம் எல்லாவற்றுக்கும் முறை உண்டு. கோயில் மணி அடித்தால் ஊர் கூடும், சீட்டுப் போடுவார்கள், எந்தத் தடம் எந்த நாளில் யாருக்கு என்று முடிவாகும். அதுதான் பாடு. பாடு இல்லாதவன் கண்ணெதிரே இறால் மூட்டை மூட்டையாகப் போனாலும் கையைக் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். உன் நாளை நீ தவறவிட்டால் தவறவிட்டதுதான், அடுத்த முறை சுற்றி வர மாசக்கணக்கில் ஆகும்.

வித்யாவுக்குப் பொட்டில் அடித்தது போலிருந்தது. ஆறு வருஷம் படித்தவளுக்கு ஏன் இது தோன்றவில்லை? ஆனால் ஒன்று இடித்தது. "சரிய்யா, பாடு இல்லாதவன் எதுக்கு நன்றி சொல்றான்?"

"அதானே. வயிறெரிஞ்சிதான போவான்?" என்று வேணு ஊசியைத் தேடினான். தேடிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிமிர்ந்தான். அவளும் அதே நேரம் அவனைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே முகம்தான் நினைவுக்கு வந்தது.

செங்கல்வராயன் முகம்.

வித்யாவின் நைனா வீரராகவனும் செங்கல்வராயனும் பங்காளிகள். ஒன்றாகத் தண்ணீரில் இறங்கியவர்கள், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் செங்கல்வராயன் படகின் என்ஜின் விசிறி வீரராகவனின் புது வலையைக் கிழித்துவிட்டது. பஞ்சாயத்து நடந்தது, வார்த்தை முற்றியது, பேச்சு நின்றது. எட்டு மாசம் கழித்து வீரராகவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். சென்னை ஆஸ்பத்திரியில் நாற்பது நாள். அவருடைய பாடு அவர் படுக்கையில் இருக்கும்போதே கடந்து போனது. வீட்டில் உலை வைக்க வழியில்லை.

அந்த மாசத்து அமாவாசைப் பாடு செங்கல்வராயனுடையது. அமாவாசை ஒட்டிய பாடு என்றால் ஊரே பொறாமைப்படும். ஊர்க் கூட்டத்தில் அந்த மனுஷன் எழுந்து நின்று, யார் முகத்தையும் பார்க்காமல், "எம் பாடு நாள்ல வீரராகவன் வலை எறங்கட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். வேணு அப்போது புது மாப்பிள்ளை. அவன்தான் மாமனார் வலையோடு இறங்கினான். வித்யா கரையில் கூடை பிடித்தாள். செங்கல்வராயன் எதிர்க்கரையில், காய்ந்த வலையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தான். அந்த இறால்தான் அந்தக் குடும்பத்தைக் கரையேற்றியது.

அதற்கு யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? இல்லை. வீரராகவன் பிழைத்து வந்தார். "நானா கேட்டேன்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் பேசாததால் வீட்டில் யாரும் பேசவில்லை. வித்யா அவனைத் தெருவில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவாள். ஒன்பது வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

பரீட்சை நாளில் பொன்னேரி சென்டரில் புது மேடம் இருந்தார். அஃப்ரீன் என்று பெயர், வித்யாவைவிடச் சின்னவர். வித்யா தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். நோட்ஸை மறந்தாள். மீன்காரனுக்கு அன்றைக்குப் பாடு இல்லை என்றாள், பாடு என்றால் என்ன என்றாள், மணி அடித்தது சீட்டுப் போடத்தான் என்று அடித்துச் சொன்னாள். மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"வித்யா, அது சர்ச் மணி. ஞாயித்துக்கிழமை. அந்தக் காலத்துல அவங்க ஊர்ல ஞாயித்துக்கிழமை வேலை செய்யறது பாவம். அதனாலதான் அவர் வலையைத் தொடல."

பழவேற்காட்டு மாதா கோயில் மணி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தண்ணீர் தாண்டி வித்யாவின் குப்பத்துக்குக் கேட்கும். மணி அது பாட்டுக்கு அடிக்கும், இவர்கள் பாட்டுக்கு வலை போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதற்காக ஒருத்தன் வலையைக் காயப்போடுவான் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? போச்சு, ரெண்டாம் கிளாஸ் போச்சு, துடைப்பம்தான் கதி என்று நினைத்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"சரி, அது தப்பு. மாத்த முடியாது" என்றார் மேடம். "ஆனா உங்க மீன்காரர் கடைசியில நன்றி சொல்றாரே. ஏன்? இங்கிலீஷ் வரலன்னா முதல்ல தமிழ்ல சொல்லுங்க."

வித்யா சொன்னாள். அமாவாசைப் பாடு கைமாறியதைச் சொன்னாள், எதிர்க்கரையைச் சொன்னாள், தன் முறையை விட்டுக்கொடுத்தவன்தான் இப்படி மனசு நிறைந்து நன்றி சொல்லிவிட்டுப் போவான் என்றாள். "ஒன்பது வருஷமா அவருக்கு நாங்க யாரும் நன்றி சொல்லல மேடம். குடுத்தவர் தலை நிமிந்து போறாரு, வாங்கின நான் தலை குனிஞ்சி போறேன். இந்தப் பாட்டு என்னை இன்னா செஞ்சுதுன்னு கேட்டா, வெக்கப்பட வெச்சுது. வேற ஒண்ணும் எனக்குத் தெரியல."

அப்புறம் அதையே ஆங்கிலத்தில் சொன்னாள். இலக்கணம் நொண்டியது, ஆனால் நிற்கவில்லை. மேடம் பேனாவை எடுத்துத் தாளில் மார்க் போட்டுக் கூட்டினார். "பாட்டோட பொருளுக்கு நான் மார்க் போட முடியாது. உங்க அனுபவத்துக்கு முழு மார்க். கூட்டினா சரியா பாஸ் வருது" என்றார். வித்யா கும்பிட்ட கையை இறக்க மறந்து அப்படியே வெளியே வந்தாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வீட்டுக்குப் போகவில்லை. கரையில் செங்கல்வராயன் படகுக்குள் குனிந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான்.

"சித்தப்பா."

அவன் திரும்பிப் பார்த்தான். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டு எத்தனை வருஷமோ.

"பாஸ் பண்ணிட்டேன் சித்தப்பா. உன் கதையைச் சொல்லித்தான் பாஸ் பண்ணேன். அந்த அமாவாசைக்கு நீ இல்லன்னா நாங்க இல்ல. சொல்லணும்னு வந்தேன்." சொல்லும்போதே குரல் உடைந்தது.

செங்கல்வராயன் தகரக் குவளையைப் படகுக்குள் எறிந்தான். "அடச்சீ, அழுவாத. பெரிய தர்மப் பிரபுவா நானு? அன்னிக்கு முழுக்க அந்தக் கரையில குந்தினு உங்க நைனாவைத் திட்டினே இருந்தேன், தெரியுமா? அம்மா தாயே, இந்த வீணாப்போனவனை எடுத்துக்காத, எனக்கு மல்லுக்கு நிக்க வேற ஆளு இல்லன்னு வேண்டிக்கினேன். அவ பொழைக்க வெச்சா. இவன் இன்னாடான்னா பேசவே மாட்டேன்றான்."

சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

வித்யா நைனா வீட்டுக்குப் போனாள். அம்மா தெய்வநாயகி குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள். நைனா கட்டிலில் இருந்தார். பாஸானதைச் சொன்னாள், செங்கல்வராயன் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். நைனா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

கால் மணி நேரத்தில் கரைப் பக்கமிருந்து சத்தம் வந்தது. தெருவே எட்டிப் பார்த்தது.

"புது வலையைக் கிழிச்சவன் தானடா நீ!"

"கிழிச்சேன், இப்ப இன்னான்ற? பாத்து வலை போடத் துப்பில்லாதவன்!"

"யாருக்குடா துப்பில்ல? என்னை யாருன்னு நெனச்ச?"

"என்னைத் தவிர வேற எவனுக்குடா உன்னைத் தெரியும்?"

தெய்வநாயகி கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அப்புறம் பானையிலிருந்து இன்னும் இரண்டு மடவை மீனை எடுத்துக் குழம்பில் போட்டாள்.

"நல்லா கத்தட்டும்" என்றாள். "கத்தி முடிச்சதும் ரெண்டு பேரும் பசியோடதான் வருவாங்க."