மாலை போட்ட லைசன்ஸ்

நகராட்சிக் கவுன்சில் லோரியின் பிரேக் சத்தம் புனிதாவுக்குத் தனியாகத் தெரியும். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் நாள் முழுக்க லோரிகள்தான். துறைமுகத்து லோரி முக்கி நிற்கும், ஐஸ் லோரி குலுங்கி நிற்கும். அனுமதியில்லாத கடைகளைத் தூக்கிப் போக வரும் கவுன்சில் லோரி மட்டும் ஒரு விசும்பலோடு நிற்கும். அந்தச் சத்தம் வந்தால் பூத்தொடுக்கும் கை அப்படியே நின்றுவிடும். லோரி தெரு முனையைத் தாண்டிய பிறகுதான் அடுத்த முடிச்சு விழும்.

காரணம், கடைச் சுவரில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கிய லைசன்ஸ். அதிலிருந்த பெயரும் முகமும் அவள் கணவன் வாசுவுடையவை. வாசு இறந்து மூன்று வருடமாகிறது. ஆள் போனால் லைசன்சும் போய்விடும், இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள். எனவே அவள் யாரையும் கேட்கவில்லை. வருடா வருடம் வாசுவின் பெயரிலேயே ஆன்லைனில் புதுப்பித்தாள். கவுன்சில் பதிவேட்டில் வாசு நல்ல ஆரோக்கியத்தோடு பூ விற்றுக்கொண்டிருந்தார்.

இதில் ஒரு பிசகு நடந்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் சாமி படங்களுக்குப் பொட்டு வைக்கும்போது லைசன்சுக்கும் ஒன்று வைப்பது வாசு காலத்துப் பழக்கம். அவர் போன பிறகு பார்த்தால், அவர் முகம் தெளிவாக விழுந்திருந்த ஒரே படம் லைசன்சில் இருந்ததுதான். புனிதா அதற்குத் தினமும் ஒரு முழம் மல்லிகையும் போட ஆரம்பித்தாள். மனிதர் படத்துக்கு மாலை போட்டால் என்ன அர்த்தம் என்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. சோதனைக்கு வந்த மலாய் அதிகாரிகளோ, பூக்கடையில் பூவுக்கா பஞ்சம் என்று பேசாமல் போய்விட்டார்கள்.

டாக்டர் கிரிதரன் தமிழர்தான். ஆனால் பொருளாதாரம் படித்தவர்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் ‘தடையிலாச் சந்தை ஆய்வு மையம்’ நடத்தினார். மாநில அரசு வரியைக் கூட்டக்கூடாது, மானியம் தரக்கூடாது, உரிமம் என்ற பெயரில் யார் வாசலிலும் நிற்கக்கூடாது என்பது மையத்தின் கொள்கை. மாநிலம் தருகின்றவற்றில் டத்தோ என்ற கௌரவப் பட்டம் ஒன்றைப் பற்றி மட்டும் மையம் இன்னும் ஆய்வு செய்யவில்லை. போன மாதம் கிள்ளானில் ஒரு கிளை திறந்தார். கடைவீட்டின் சன்னல்களையெல்லாம் மறைக்கும் அளவுக்குப் பெயர்ப்பலகை. திறப்பு விழாவுக்கு மாலை சொல்ல வந்தவர் லைசன்சைப் பார்த்து அசந்து நின்றார். கைப்பேசியில் படம் எடுத்தார்.

“அக்கா, இதுக்குப் பூ போட்டுக் கும்பிடுறீங்களா?”

“சும்மாதான் டாக்டர்.”

“சும்மா இல்லக்கா! இதைத்தான் நான் இருபது வருசமா கத்துறேன். ஒரு பேப்பரைக் கொடுத்து உங்களைப் பக்தையா ஆக்கிட்டாங்க. வர்ற வியாழக்கிழமை மண்டபத்துல என் டாக் இருக்கு. ஸ்டேட் கவர்மெண்ட் ஆளுங்க வராங்க, கவுன்சில் ஆபீசர்ஸ் வராங்க. இதை ஸ்கிரீன்ல போடுறேன் பாருங்க.”

புனிதாவின் கையிலிருந்த நார் நழுவியது. “வேணாம் டாக்டர். வேற கடையைப் போடுங்க லா.”

“பயப்படாதீங்க. உங்க பயம்தான் என் டேட்டா.”

வியாழக்கிழமை அவள் போனாள். போகாமலிருந்தால் என்ன பேசினார்கள் என்று தெரியாமல் போய்விடுமே என்ற பயம், போகும் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. மண்டபம் நிறைய வியாபாரிகள். முன்வரிசையில் கவுன்சில் லைசன்ஸ் பிரிவு அதிகாரி சிவநேசன். மலாய்க்காரர் இல்லை. மாலைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்.

திரையில் வாசுவின் முகம் லோரி அளவுக்கு விரிந்தது. நெற்றியில் குங்குமம், கழுத்தைச் சுற்றி மல்லிகை.

“ஐயோ, யாரு போயிட்டா?” என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. “இவர் ஒரு சின்ன வியாபாரி. அரசாங்கத்துக்கு எவ்வளவு பயந்திருந்தா, தன் படத்துக்குத் தானே மாலை போட்டுக்குவார்?”

யாரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டு இருமலாக்கினார்கள். சிவநேசன் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, திரையில் தெரிந்த லைசன்ஸ் எண்ணை எழுதிக்கொண்டார். ஒவ்வோர் எண்ணாக அவர் எழுதுவதைப் புனிதா பார்த்துக்கொண்டே இருந்தாள். மண்டபத்துக்கு வெளியே ஏதோ ஒரு லோரி விசும்பியது போலிருந்தது.

“அவங்க சம்சாரமே இங்க இருக்காங்க. வாங்கக்கா, இந்த லைசன்ஸ் உங்களை என்ன பண்ணுச்சுன்னு சொல்லுங்க!”

அவளை மேடையேற்றி மைக்கைக் கையில் திணித்தார்கள். முதுகுக்குப் பின்னால் வாசு. எதிரே சிவநேசன்.

“லைசன்ஸ்... நல்லதுதாங்க சார்.”

“பாத்தீங்களா!” டாக்டர் குரல் கம்மியது. “இந்த நடுக்கத்தைப் பாருங்க. உண்மையைச் சொல்லக்கூட வாய் வரல. இதுதான் ரெகுலேஷன்!”

பலத்த கைதட்டல். மையத்தின் வரலாற்றிலேயே மிக வெற்றிகரமான உரை அது என்று மையமே பிறகு அறிக்கை விட்டது.

தேநீர் மேசையருகே சிவநேசன் கையில் கறிபாப் பலகாரத்தோடு பக்கத்தில் வந்து நின்றார். புனிதா கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அக்கா, என் கல்யாண மாலை வாசு அண்ணன் கட்டினது. எப்ப போனாரு?”

“மூணு வருசம்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா இடம் போயிடும்னாங்க.”

“யாரு?”

“எல்லாரும்.”

அவர் பெருமூச்சு விட்டார். “சம்சாரம் பேருக்கு மாத்துறதுக்கு ஒரு விண்ணப்பப் பாரம் இருக்குக்கா. எப்பவுமே இருந்துச்சு. ஆனா திங்கக்கிழமை ஒண்ணாந்தேதி, அதோட அந்தப் பாரம் நிக்குது. அப்புறம் காலியாகிற இடத்தையெல்லாம் ஏலம் விடப் போறாங்க. இந்த டாக்டர் எழுதிக் கொடுத்த யோசனைதான். நான் நம்பர் எழுதிட்டேன், திங்கக்கிழமை கேள்வி வரும். நாளைக்குள்ள வந்து மாத்திடுங்க.”

மறுநாள் வெள்ளி. விடிந்ததும் பழக்கத்தில் லைசன்சுக்குப் புதுப்பூ போட்டாள். கல்யாண ஆர்டரை முடித்துவிட்டு, சட்டத்தை அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினாள். போய்ச் சேரும்போது பன்னிரண்டரை. தொழுகைக்காகக் கவுண்டர் மூடியிருந்தது. மறுபடி திறந்தபோது வாசலில் நூறு பேர். கடைசி நாள் என்று ஊருக்கே தெரிந்துவிட்டிருந்தது. அவளுக்குக் கிடைத்த எண் 3092.

நாலு இருபதுக்குத் திரையில் 3090. காவலாளி வந்து, இன்னும் ஒரே ஒரு எண்தான், மற்றவர்கள் திங்கட்கிழமை வரலாம் என்று மலாயில் சொன்னான். திங்கட்கிழமை. சிவநேசன் கொடுத்திருந்த எண்ணில் அவரைக் கூப்பிடலாம் என்று புனிதா கைப்பேசியை முகத்துக்கு நேரே தூக்கினாள்.

“அக்கா! படம் எடுக்காதீங்க!”

மூலையில் தொப்பியும் முகக்கவசமும் போட்டிருந்த ஒருவர் கையிலிருந்த பாரத்தால் முகத்தை மூடினார். பாரத்தில் தடித்த எழுத்தில் பெயர்ப்பலகை உரிம விண்ணப்பம் என்று இருந்தது. குரல் டாக்டர் கிரிதரனுடையது.

“டாக்டர்? நீங்க லைசன்ஸ் எடுக்கவா?”

“மெதுவா பேசுங்க. போர்டைக் கழட்டப் போறோம்னு நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. இன்னிக்குத்தான் கடைசி.” கண் சுற்றுமுற்றும் ஓடியது. “நேத்துதான் அப்படிப் பேசினேன். இந்தப் படம் வெளிய போனா நான் முடிஞ்சேன்கா. டத்தோ லிஸ்ட் வேற வரப்போற நேரம்.”

அவள் கைப்பேசி இன்னும் உயர்ந்தே இருந்தது. இறக்க மறந்திருந்தாள். அவர் அதையே பார்த்தார். பிறகு தன் எண் சீட்டை நீட்டினார். 3091.

“ஒரு டீல். நீங்க போங்க. நான் இங்க வரவே இல்ல.”

“உங்க போர்டு?”

“போகட்டும் லா!”

இருவர் மனமொப்பிச் செய்துகொண்ட பரிமாற்றம். அதற்கு எந்த உரிமமும் தேவைப்படவில்லை. டாக்டர் தம் வாழ்நாளில் கண்ணால் பார்த்த முதல் தடையிலாச் சந்தை அதுவாகத்தான் இருக்கும். நின்று ரசிக்காமல் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

கவுண்டரில் தலைத்துணி அணிந்த இளம்பெண். புனிதா சட்டத்தை மேசைமேல் வைத்தாள். காலையில் போட்ட மல்லிகை நசுங்கி வாசுவின் முகத்தில் ஒட்டியிருந்தது. பெண் அதை விரலால் மெல்ல ஒதுக்கிவிட்டுப் படத்தைப் பார்த்தாள்.

“இவர் இருக்கிறாரா?” என்று மலாயில் கேட்டாள்.

மூன்று வருடமாக எந்தக் கேள்வி வந்துவிடுமோ என்று பயந்தாளோ, அதே கேள்வி. புனிதாவுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

“இல்ல,” என்றாள். தமிழில் வந்துவிட்டது. பிறகு, இப்போது இல்லை என்று மலாயில், “சுடா தா அடா.”

பெண் பாரத்தைத் திருப்பிவைத்து, உரிமதாரர் பெயர் என்றிருந்த கட்டத்தைக் காட்டி, பேனாவைக் கொடுத்தாள். புனிதா தன் பெயரை எழுத ஆரம்பித்தாள்; முதல் எழுத்து கட்டத்துக்கு வெளியே போய் விழுந்தது.