நாலு தடவைக்கு மேல்

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். பிடிவாதத்துக்குப் பரிசு கொடுத்தால் எங்கள் வீட்டில் வைக்க இடம் இருக்காது. குடலில் வந்த புற்றுநோய்க்கு மாத்திரை கொடுத்து அனுப்பிய நர்ஸ், அவரை நம்பாமல் மருந்து விவரம் எழுதிய தாளை என் கையில் திணித்தாள்.

"பதினாலு நாள் மாத்திரை இருக்கு. காலையிலயும் ராத்திரியும் சாப்பிட்டு அரைமணி நேரத்துக்குள்ள போடணும். வழக்கத்தைவிட நாலு தடவைக்கு மேல வயித்தால போச்சுன்னா, அடுத்த வேளை போடாம உடனே போன் பண்ணுங்க. மறைக்கக் கூடாதுங்க ஐயா."

"நானா மறைப்பேன்?" என்று இவர் சிரித்தார்.

பத்தாம் நாள் காலையிலிருந்து கழிவறைக் கதவு ஓயவில்லை. நான் காய் நறுக்கிக்கொண்டே ஃபிளஷ் சத்தத்தை எண்ணினேன். பதினொரு மணிக்குள் ஆறு.

"எத்தனை தடவைங்க?"

"ரெண்டு."

"எனக்கென்ன காது செவிடா?"

"பக்கத்து வீட்டுச் சத்தமா இருக்கும்." முகம் சுண்டி, உதடு வெடித்துக் கிடந்தது, பொய் மட்டும் தெம்பாக வந்தது. "நீ போன் பண்ணினா மாத்திரையை நிறுத்திடுவாங்க. நிறுத்தினா கட்டி வளர்ந்துடும். பாதி வழியில வண்டியை நிறுத்தச் சொல்றியா?"

எனக்கும் அதே பயம்தான். சாயங்காலம் வரை பார்க்கலாம் என்று, எடுத்த போனைத் திரும்ப வைத்துவிட்டேன். அந்தப் புத்தியை என்னவென்று சொல்வது!

அதற்குப் பிறகு ஃபிளஷ் சத்தம் கேட்கவில்லை. அப்பாடா, நின்றுவிட்டது என்று நினைத்தேன். மூன்று மணிக்குக் கழிவறைக்குள் போய்க் காலி வாளியைப் பார்த்தபோதுதான் புரிந்தது. மனிதர் ஃபிளஷைத் தொடாமல், சத்தம் வராதபடி வாளித் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். கோபத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன்.

"எத்தனை தடவை அக்கா?" என்றாள் நர்ஸ்.

"தெரியலம்மா. பன்னிரண்டு இருக்கும்."

"மாத்திரையை நிறுத்திட்டு இப்பவே கூட்டிட்டு வாங்க. பயப்படாதீங்க, சில நாள் நிறுத்துறதால வைத்தியம் கெட்டுப்போகாது. சரியானதும் டாக்டர் அளவைக் குறைச்சுத் திரும்பக் கொடுப்பார்."

இவ்வளவுதானா! இதற்காகவா இந்த மனிதர் இப்படிச் செத்துப் பிழைத்தார்? படுக்கையறைக்கு ஓடினேன். கண் பாதி மூடியபடி சுருண்டு கிடந்தார். காதோடு குனிந்து, "நிறுத்தினாலும் திரும்பத் தருவாங்களாம்ங்க" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை.

"நீ எப்படியும் போன் பண்ணிடுவேன்னு தெரியும். அதான் மிச்சம் இருந்த நாலு நாள் மாத்திரையையும் சேர்த்துப் போட்டுட்டேன். இனிமே எப்படி நிறுத்துவாங்க?"