மூஞ்சூறுக்குப் பட்டு

செவிலிமேட்டில் புது மனைகளுக்கு நடுவே காய்ந்துகிடந்த புல்வெளியில் ஒரு மூஞ்சூறு குட்டி போட்டிருந்தது. தாய்க்கு ஓயாத பசி. வெட்டுக்கிளி, வண்டு, கரப்பான் என்று இரவும் பகலும் பொறுக்கித் தின்றால்தான் பால் ஊறும். ஒரு நாள் பட்டினி தாங்காத உடம்பு.

வெளியின் ஓரத்தில் நகர் நலச் சங்கம் பிள்ளையார் கோயில் கட்டியிருந்தது; அன்று அதன் திறப்பு விழா. தலைவர் கோதண்டபாணி கருங்கல் மூஞ்சூறுக்குப் பட்டு சாத்தி, மாலை போட்டு, அதன் காதில் குனிந்து ஏதோ வேண்டிக்கொண்டார். நிமிர்ந்ததும், "புல்லைக் கொளுத்துங்கப்பா. சிறப்பு விருந்தினர் வர்ற நேரம், ஒரே எலி நாத்தம்" என்றார்.

எதிர்வீட்டு நதியா ஓடிவந்தாள். "சார், அது எலி இல்ல, மூஞ்சூறு. குட்டிங்க இருக்குது. சாயங்காலம் வரைக்கும் வுடுங்க, நானே ஓரமா எடுத்து வுட்டுர்றேன்."

"ஏம்மா, எலிக்கெல்லாம் நோட்டீஸ் குடுத்துட்டுத்தான் கொளுத்தணுமா?"

சங்கத்தார் சிரித்தார்கள்.

"இப்ப மாலை போட்டீங்களே, அதுக்கு இன்னா பேரு?"

"அது வாகனம்மா. இது ஜந்து."

தீ வைத்தார்கள். வெளியின் நடுவே போன வண்டிப்பாதைக்கு இந்தப் பக்கப் புல் முழுக்க எரிந்தது. தாய் வெளியே வந்தது. அதன் பின்புறத்தை ஒரு குட்டி கவ்வியிருக்க, அந்தக் குட்டியை அடுத்தது கவ்வியிருக்க, ஒரே கயிறாக நெளிந்து பாதையைக் கடந்தன.

"பாம்பு! பாம்பு!" கோதண்டபாணி நாற்காலிமேல் ஏறிக்கொண்டு கொடிக்கம்பால் ஓங்கி அடித்தார். கடைசிக் குட்டி நசுங்கியது. மற்றவை கவ்விய பிடியை விடாமல் எதிர்ப்பக்கப் புல்லுக்குள் மறைந்தன.

நதியா கம்பைப் பிடுங்கினாள். "பாம்பாய்யா இது? எறங்கி வந்து பாருய்யா!"

"அந்தப் பக்கமும் கொளுத்துங்க" என்றார் அவர், நாற்காலியை விட்டு இறங்காமலே.

"எவன் வர்றான்னு பாக்கறேன்." கம்போடு புல்லை மறித்து நின்றாள். தீப்பெட்டி வைத்திருந்தவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அதற்குள் கார் வந்துவிட்டது. "என்ன, பாதிப் புல்லை விட்டுட்டீங்க?" என்றார் விருந்தினர்.

கோதண்டபாணி இறங்கிவந்து கைகூப்பினார். "விநாயகர் வாகனமாச்சே சார்! மூஞ்சூறுங்களுக்குன்னே சங்கம் ஒதுக்கியிருக்குது. இந்தம்மாதான் எங்க காவல் கமிட்டி."

கைதட்டினார்கள்.

நதியா கம்பை ஊன்றி நின்றாள். செத்த குட்டி காலடியிலேயே கிடந்தது. "மைக்குல சொல்லு சார். இந்தப் புல்லை இனிமே தொட மாட்டோம்னு இவரு முன்னாடியே சொல்லு."

கோதண்டபாணி கம்பைப் பார்த்தார். விருந்தினரைப் பார்த்தார். மைக்கில் சொன்னார். தன் நெடுநாள் கனவு இது என்றும் சேர்த்துக்கொண்டார்.

கைதட்டல் ஓய்ந்த பிறகும் நதியா கம்பைக் கீழே போடவில்லை.