மூன்றாம் நம்பர் சத்தம்

பெரிய வெள்ளி வருகிற வாரம் பவுல்ராஜ் என்னைப் போனில் கூப்பிட்டான். அன்று குன்னூரில் மூட்டம் எப்படி இறங்கியிருந்தது என்றால், வழியில் எதிரே வந்த காட்டெருமையை யாரோ பெரிய மனிதர் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டேன். அதுவும் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனது. நம்பாதவர்கள் எருமையைக் கேட்டுக்கொள்ளலாம்.

பவுல்ராஜ் குந்தா பக்கம் மின்நிலையத்தில் வேலை பார்த்தவன். வாழ்நாளெல்லாம் டர்பைனுக்குப் பக்கத்திலேயே நின்றவன். நான் தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கர். பச்சை இலை வந்து இறங்குவதிலிருந்து தூளாகி மூட்டையில் ஏறும்வரை என் பொறுப்பு. ஓய்வு பெற்ற பிறகு நான் கதையளக்கிற வாயைப் பிடித்துக்கொண்டேன், அவன் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் அவனுடைய சர்ச்சில் பாடகர் குழு பாடும் பாடல்களுக்குப் பின்னணி இசை செய்து கொடுப்பது அவன்தான். அதற்காக லேப்டாப்புக்குள் ஒரு சிந்தசைசர் வைத்திருந்தான். தொட்டுப் பார்க்க ஒன்றும் கிடையாது, வெறும் சாஃப்ட்வேர். ஒயரில் மாட்டிய கீபோர்டை அமுக்கினால் ஆர்கன், வயலின், புல்லாங்குழல் என்று எது வேண்டுமானாலும் வரும்.

இந்த வருஷம் அது போதவில்லை. தாழ்ந்த குரலில் பாடும் ஆண்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர் ஒருவர், அவர் பிரசங்கத்தில் கண்ணை மூடினால் ஈஸ்டருக்குத்தான் திறப்பார். அந்தக் குரல்களின் இடத்தை நிரப்ப இன்னொரு சிந்தசைசர் வாங்கியே ஆகவேண்டும்.

அது மட்டுமில்லை. பாடகர் குழுவை நடத்தும் ஜெஸிந்தா அவனிடம் வந்து, “போன வருஷம் மியூசிக் காதைக் குத்துச்சுங்க அண்ணா. இந்தத் தடவையும் அப்படி இருந்தா, ரெடிமேடா ஏதாச்சும் எடுத்துப் போட்டுக்கறோம்” என்று சொல்லிவிட்டாள். மெதுவாகத்தான் சொன்னாளாம். மெதுவாகச் சொன்னதுதான் அவனை உறங்கவிடவில்லை.

“தங்கவேலு, நீ ஃபேக்டரில கோப்பைகளை வரிசையா வச்சு, எது எந்த எஸ்டேட்டுன்னு தெரியாம உறிஞ்சிப் பாப்பியே, அதே மாதிரி இதையும் பாக்கோணும்ப்பா” என்றான். “மூணு சிந்தசைசர் டிரையலுக்கு இறக்கி வச்சிருக்கேன். பேரையும் படத்தையும் பாத்தா மனசு மயங்குது.”

“உறிஞ்சிட்டுத் துப்பலாமா?”

“சத்தத்தை எங்கடா துப்புவே? உக்காரு.”

அவனுடைய மருமகள் ஹன்னா லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தாள். நானும் அவனும் திரைக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தோம். பெயர் சொல்லக் கூடாது, நம்பர் மட்டும். வெள்ளிக்கிழமைப் பாட்டின் முதல் அடியை ஹன்னா ஒவ்வொன்றிலும் வாசிக்க வேண்டும்.

காசு கட்டாத டிரையல் சாஃப்ட்வேர் சும்மா இருக்காது. ஓசியில் வாசிப்பதை நினைவுபடுத்திக்கொண்டே இருக்கும். முதல் நம்பர் நடுநடுவே மூச்சு நின்றதுபோல் அடங்கிப் போனது. இரண்டாம் நம்பர் திடீர் திடீரென்று கடுகு தாளித்தது. அந்தக் கடுகு வெடித்த வெடிப்பில் என் சட்டையில் எண்ணெய் தெறித்திருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன்.

மூன்றாம் நம்பர் வேறு ஜாதி. தரைக்கு அடியிலிருந்து ஏறி வருகிற மாதிரிச் சத்தம். பத்து ஆண்கள் வாயை மூடிக்கொண்டு ‘உம்’ என்று நின்றால் எப்படி இருக்கும், அப்படி. நான் தலையாட்ட ஆரம்பித்தபோது எங்கேயோ மெல்லிய விசில் கேட்டது. ஊசி முனைபோல் கூர்மை. நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டது.

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். ஹன்னா டீக்குத் தண்ணீர் வைத்து மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அடுப்பு அணைந்திருந்தது. கெட்டில் கவிழ்த்து வைத்திருந்தது.

திரும்பி வரும்போது ஹன்னாவின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் கேட்டிருக்கிறது. கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல் மாமனாரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பவுல்ராஜ் கண்ணை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். “மூணாம் நம்பர்காரன் மகராசன்ப்பா. மத்தவனுங்க மாதிரி நடுவுல ஒரு தொந்தரவும் பண்ணல பாரு. இதையே வாங்கிருவோம்.”

அவன் சொல்லும்போதே விசில் இன்னொரு முறை கேட்டது.

ஹன்னா எழுந்து என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, “சொல்லாதீங்க அங்கிள். காசு கட்டிட்டா விசில் தானா நின்னுரும். மாமாவுக்குத் தெரியவே வேண்டாம்” என்றாள்.

நியாயம்தான். அவ்வளவு சுலபமான பொய் என் வாழ்க்கையிலேயே எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் விசில் நின்றாலும் காது அதே காதுதானே? போன வருஷம் எல்லோர் காதையும் குத்திய இசை இவனுக்கு மட்டும் ஏன் குத்தவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கேட்கவில்லை என்று கூர்மையான சத்தத்தை மேலும் மேலும் ஏற்றி வைத்திருக்கிறான். இந்த வருஷமும் ஏற்றுவான். ஜெஸிந்தா மறுபடியும் மெதுவாக வந்து சொல்லுவாள்.

“எதுக்குடா எந்திரிச்சுப் போனே?” என்றான் பவுல்ராஜ்.

“கெட்டில்.”

“அடுப்பே பத்த வைக்கலையே.”

 என் வாயிலேயே ஒரு கதையும் வரவில்லை என்றால் அவனுக்குத் தெரியாதா? நாற்காலியைத் திருப்பித் திரைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தான். “வாசிம்மா” என்றான்.

திரையின் அடியில் ஒரு படம் ஓடும். தாழ்ந்த சத்தம் இடது பக்கம், உயர்ந்த சத்தம் வலது பக்கம். வாசிக்க வாசிக்கக் கோடு குன்றுபோல் ஏறி இறங்கும். ஹன்னா தயங்கித் தயங்கி வாசித்தாள். இடது பக்கம் குன்றுகள் எழுந்தன. வலது ஓரம் வெறுமையாகக் கிடந்தது. பிறகு அந்த ஓரத்தில் ஒற்றைக் கோடு ஒன்று கம்பம் நட்டதுபோல் எழுந்து மறைந்தது. அதே கணம் எங்கள் இருவருக்கும் விசில் கேட்டது. பவுல்ராஜ் எங்கள் முகங்களைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். அடுத்த கம்பம் எழும்வரை அசையாமல் இருந்தான்.

“இது என்ன சத்தம்?”

“விசில்ப்பா. ரொம்பச் சன்னம்” என்றேன்.

“நல்லாக் கேக்குதா?”

“கேக்குது.”

 ஹன்னாதான், “காதுக்கு மெஷின் வச்சுக்கலாம் மாமா” என்றாள்.

“ஈஸ்டர் முடிஞ்சதும் டாக்டர்கிட்ட வர்றேன் சாமி. வெள்ளிக்கிழமைக்குள்ள காது மொளைக்காது.” திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஜெஸிந்தா மேல போறப்பெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால நின்னு பாடற மாதிரி இருக்கும். அவ குரல்தான் போயிருச்சுன்னு நெனச்சேன்.”

பிறகு அவன் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, “கீழ இருந்து ஒவ்வொண்ணா ஏத்திட்டே வா” என்றான். ஹன்னா ஏற்றினாள். எங்களுக்கு ஒலி கூர்மையாகிக்கொண்டே போனது. ஓரிடத்தில் அவன் கையைத் தூக்கினான். அதற்கு மேலும் அவள் வாசித்துக்கொண்டிருந்தாள்; அவன் கை தூக்கியபடியே இருந்தது.

கண்ணைத் திறந்ததும், கை தூக்கிய இடம் எது என்று கேட்டான். ஹன்னா காட்டினாள். அந்த சிந்தசைசரில், ஒரு கோட்டுக்கு மேல் இருக்கும் சத்தத்தை வெட்டிவிடுகிற வசதி இருந்தது. அந்தக் கோட்டை இழுத்துக்கொண்டு வந்து, அவள் காட்டிய இடத்துக்கும் கீழே நிறுத்தினான்.

“இதையே வாங்கும்மா. எனக்கு எது வரைக்கும்னு காட்டிக் குடுத்தது இதுதான். எனக்குக் கேக்கற அளவுக்குள்ளேயே வாசிச்சுக்கறேன். வயலின், புல்லாங்குழல் எல்லாத்தையும் எடுத்துரு. மேல இருக்கற எடத்தைப் பொம்பளைங்களே பாடி ரொப்பட்டும்.”

“அவங்களுக்குப் பிடிச்சுக்க மேல ஒண்ணும் இருக்காதே மாமா?”

“இருக்காது.” என் பக்கம் திரும்பினான். “நீ வெள்ளிக்கிழமை என் பக்கத்துல உக்காரோணும். மேல என்ன நடக்குதுன்னு சொல்லோணும். கூட்டாம, கொறைக்காம.”

என்னிடம் போய்க் கேட்டான் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சர்ச் நிறைந்திருந்தது. இருமல்கூட இல்லை. முதல் பாட்டுக்கு அவனுடைய இசை ஸ்பீக்கர் பெட்டிகளிலிருந்து எழுந்தபோது பெஞ்சுப் பலகை அதிர்ந்ததை உள்ளங்கையில் உணர்ந்தேன். பெண்கள் அதன்மேல் ஏறிப் பாடினார்கள். இரண்டாவது சரணத்தில் உச்சிக்குப் போகிற இடம். கூட வருவதற்கு வயலின் இல்லை, ஒன்றுமில்லை. ஜெஸிந்தாவின் குரல் தவறிக் கீழே வந்தது. மற்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, அவள் தனியாகவே மறுபடியும் ஏறினாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

பாட்டு முடிந்த மௌனத்தில் பவுல்ராஜ் என் பக்கம் சாய்ந்தான். “வாய் அசையறது நின்னுச்சே. என்ன ஆச்சு?”

“தவறிட்டா.”

“அப்புறம்?”

“ஏறிட்டா.”

“குத்துச்சா?”

“இல்ல.”

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்வதற்கு என் நாக்கின் நுனியில் ஒரு வண்டி நிறையக் கதை இருந்தது. மலைகள் இருந்தன, மேகங்கள் இருந்தன. நான் வேறு எதுவும் சொல்லவில்லை. அவன் நிமிர்ந்து உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டினான். அடுத்த பாட்டுக்கான சத்தம் கீழேயிருந்து கிளம்பியது.