இருபத்தொரு நாள்

ரேலீனும் அவள் கணவன் ட்ரெவர் ஹாட்ரிக்கும் காலி செய்துவிட்டு வந்த பழைய வீட்டில் இப்போது கோரி என்ற இளைஞன் குடியிருக்கிறான். வடக்கே சுரங்கத்தில் வேலை. மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே வயாலா ஊரில். இந்த முறை சுரங்கத்திலிருந்து நேராகப் பெர்த்துக்குப் போய்த் தன் அம்மாவோடு இருந்துவிட்டு வந்ததில் ஆறு வாரம் ஓடிவிட்டது. திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமையே, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கடிதக் கட்டோடு ரேலீனின் வாசலில் வந்து நின்றான்.

“தப்பா எடுத்துக்காதீங்க ரேலீன். தபால் பெட்டி பொங்கி வழியுது. பாதி குப்பைதான். ஆனா இதுல அரசாங்க முத்திரை இருக்கு, உங்க பேரும் இருக்கு. அதான் கையோட கொண்டாந்துட்டேன்.”

“உள்ள வாப்பா. டீ குடிச்சிட்டுப் போ.”

“இல்ல, கெளம்பறேன். ட்ரெவர் எப்படி இருக்காரு?”

“அப்படியேதான் இருக்காரு.”

அவன் போன பிறகு உறையைப் பிரித்தாள். அவளுடைய முழுப்பெயர், அதன் கீழே ‘இயக்குநர்’ என்ற சொல். ட்ரெவர் நடத்திய, கொட்டகையும் வேலியும் போடும் ஹாட்ரிக் நிறுவனம் தன் ஆட்களின் சம்பளத்தில் பிடித்த வரியையும் அவர்களுக்குச் செலுத்த வேண்டிய ஓய்வுநிதியையும் கட்டவில்லை. அந்த ஒரு லட்சத்து எண்பதாயிரம் டாலருக்கு அவளே பொறுப்பாளி என்று எழுதியிருந்தது. மூன்று முறை படித்தாள். அவள் ஆரம்பப்பள்ளி உணவகத்தில் வாரம் மூன்று நாள் சாண்ட்விச் போடுகிறவள். நிறுவனத்தின் கொட்டகைக்குள் அவள் கால் வைத்ததெல்லாம் கிறிஸ்துமஸ் விருந்துக்குத்தான்.

மறுநாள் காலை கணக்காளர் நெரிடாவிடம் போனாள். வருடத்துக்கு ஒரு முறை ட்ரெவரின் கணக்கை முடித்துக்கொடுப்பவள் அவள். நெரிடா தொகையைப் பார்க்கவில்லை. மேலே இருந்த தேதியைத்தான் பார்த்தாள்.

“இது உங்களுக்கு எப்ப வந்துச்சு?”

“நேத்து.”

“நேத்தா?” நெரிடா மேசையிலிருந்த நாட்காட்டியை இழுத்து விரலால் எண்ணினாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். “கடுதாசி போட்டு முப்பத்துநாலு நாள் ஆச்சு, ரேலீன்.”

“அதனால என்ன?”

“ட்ரெவர் பணத்தைத்தான் கட்டல. கணக்கை மட்டும் ஒரு தடவைகூடத் தேதி தவறாம அனுப்பியிருக்காரு. அதனால உங்களுக்கு ஒரு வழி இருந்துச்சு. இருபத்தொரு நாளுக்குள்ள கம்பெனியைக் கலைக்க ஒருத்தரைப் போட்டிருந்தா, உங்க தலையிலேர்ந்து எறங்கியிருக்கும்.”

“எனக்குக் கைக்கே வரலையே! வராத கடுதாசிக்கு நான் எப்படிப் பதில் சொல்ல முடியும்?”

“கையில கெடச்ச நாளை எண்ண மாட்டாங்க. அனுப்பின நாள்தான் கணக்கு. கம்பெனிப் பதிவேட்டுல உங்க விலாசம் இன்னும் பழைய வீடுதான். அதை மாத்த வேண்டியது இயக்குநரோட பொறுப்பு.”

“இயக்குநர்னா ட்ரெவர்தானே?”

“நீங்களும்தான்.”

ரேலீன் சிரித்துவிட்டாள். ஏன் சிரிப்பு வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. “எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சொன்னா?”

“அதைக் கேக்கமாட்டாங்க. ட்ரெவருக்காவது, உடம்பு முடியலைன்னு கடைசி மாசங்களுக்கு எதையாவது சொல்லிப் பாக்கலாம். உங்களுக்கு என்னத்தைச் சொல்ல? நீங்க நல்லா இருந்தீங்க.” நெரிடா கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். “வரியைக் கட்டிட்டீங்களான்னு ட்ரெவர்கிட்ட நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல.”

பதினொரு வருடத்துக்கு முன் கால்பந்து மைதானத்து வாகன நிறுத்தத்தில், கார் முகப்பின் மேல் காகிதத்தை விரித்து, ட்ரெவர் கையெழுத்துக் கேட்டான். ஒரு கையில் இறைச்சி அடைத்த சூடான பலகாரம், இன்னொரு கையில் பேனா. ‘உன் பேரும் இருந்தா கம்பெனி எடுப்பா இருக்கும், புள்ள’ என்றான். அன்றைக்கு அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நெரிடாவின் அலுவலகத்திலிருந்து நேராக மருத்துவமனைக்குப் போனாள். பக்கவாதம் வந்து நாலு மாதம். ட்ரெவருக்கு வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய், ‘சரி’ என்ற ஒரு சொல் மட்டும் மிச்சம். தண்ணீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான்.

வழியெல்லாம் அவனை என்னென்ன கேட்க வேண்டும் என்று சேர்த்து வைத்துக்கொண்டு வந்தாள். கதவைச் சாத்திவிட்டுக் கடிதத்தை அவன் முன் நீட்டினாள்.

“இது உனக்குத் தெரியும்தானே? எத்தனை நாளா தெரியும்?”

அவன் பார்த்தான். எழுத்துகள் அவனுக்குக் கூடிவருவதில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் தாளின் மேலிருந்த முத்திரையை அடையாளம் கண்டுகொண்டான் போலிருந்தது. இடது கை போர்வையைப் பற்றியது.

“சரி,” என்றான்.

“என்ன சரி? ஆளுங்களுக்குச் சம்பளம் கொடுக்கணும், வேலிக் கம்பி கொடுத்தவனுக்குக் கொடுக்கணும், வரி அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்?”

“சரி. சரி. சரி.” குரல் ஏறி உடைந்தது. கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் ஓடியது. அவனே துடைத்துக்கொள்ள முடியாது. ரேலீன்தான் எழுந்துபோய்த் துடைத்தாள். அதன் பிறகு அவளுக்குக் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று.

வரி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் ஏழு முறை பேசினாள். யாரும் கடிந்து பேசவில்லை. ‘உங்க நிலைமை புரியுதும்மா’ என்றே எல்லாரும் சொன்னார்கள். கடைசியில், இப்போதிருக்கும் வீட்டை விற்று வருவதைக் கட்டுவது, மிச்சத்துக்குத் தவணை என்று முடிவாயிற்று. நவம்பரில் வீடு போனது. நிறுவனத்தையும் கலைத்தார்கள். பள்ளி உணவகத்தில் ஐந்து நாளும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டு, கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒற்றை அறைக் குடியிருப்புக்கு மாறினாள். தவணை ஆறு வருடம்.

ஒரு வெள்ளிக்கிழமை பேரங்காடி வரிசையில் நின்றிருந்தபோது முன்னால் நின்றவர் திரும்பினார். நெவ் கார்பரி. ட்ரெவரிடம் ஒன்பது வருடம் பற்றவைப்பு வேலை செய்தவர். கடைசி ஒன்றரை வருட ஓய்வுநிதி அவருக்கு வரவில்லை என்பது ரேலீனுக்குத் தெரியும். பாக்கிப் பட்டியலில் முதல் பெயரே அவருடையதுதான்.

அவள் கூடையைக் கீழே வைத்தாள். “நெவ், அந்தப் பணம்...”

“அதெல்லாம் இப்ப எதுக்கு? உங்க கூடையில ரெண்டே சாமான்தான் இருக்கு, முன்னால வாங்க.” நகர்ந்து இடம் விட்டார். “ட்ரெவரைப் பாக்க ஒருநாள் வரணும். போனா என்னை அடையாளம் தெரியுமா அவருக்கு?”

“தெரியும்,” என்றாள் ரேலீன்.

அவர் ஒரு தடவை சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. ரொட்டியையும் பாலையும் எடுத்து வைத்துவிட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்க, பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வெளியே வெயிலுக்கு வந்தாள்.